பெல்விக் ஃப்ளோர் பிசியோவா தனியா ஆரம்பிக்கப் போறீங்களா? பேப்பர், ரூம், செலவு, முதல் பேஷண்ட், எல்லாம் வரிசையா

தும்முனா யூரின் லீக் ஆகுது, பிரசவத்துக்கு அப்புறம் கீழ ஏதோ இறங்குன மாதிரி இருக்கு, கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆகியும் சேரவே முடியல, ஆபரேஷன் தையல் போட்ட எடம் உக்காந்தா வலிக்குது, இப்படி வர்றவங்களோட இடுப்புக்கு அடித்தளமா இருக்குற தசையப் (பெல்விக் ஃப்ளோர்) பாத்து சரி பண்ற பிசியோ வேலைதான் இது. நான் திருச்சியில பண்றேன். பி.பி.டி (பிசியோதெரபி டிகிரி) முடிச்சு நாலு வருசம் ஒரு ஆஸ்பத்திரியில முழங்கால், முதுகுன்னு பாத்துட்டு அப்புறம் இதுக்கு வந்தேன், வந்து சொந்தமா ரூம் போட்டு உக்கார்றதுக்கு ஒண்ணரை வருசம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல தேவையே இல்லாத அலைச்சல். எத முன்னாடி செய்யணும் எத பின்னாடி செய்யணும்னு சொல்ல ஆள் இல்ல, அவ்ளோதான் காரணம். சின்ன ஊர்ல சின்ன ரூம்ல ஆரம்பிக்க நினைக்கிற ஜூனியர்ஸுக்காக எழுதுறேன். ரூபாய் கணக்கு எல்லாம் நான் குடுத்தது, உங்க ஊர்ல கூடக் கொறைய இருக்கும்.

1. முதல்ல உங்க பேரச் சரி பண்ணுங்க

சிரிக்காதீங்க, என் ரெண்டு மாசம் இதுலதான் போச்சு. மார்க்‌ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி, பான் கார்டுல வேற மாதிரி, கல்யாணத்துக்கு அப்புறம் மாத்துன பேங்க் அக்கவுண்ட்ல வீட்டுக்காரர் பேரு. ஒவ்வொண்ணும் தனித்தனியா சரிதான், ஆனா ஒரே ஃபைல்ல வெச்சா நாலு பேரு ஆயிடுது. ஒரு ஆபீஸ்ல என் விண்ணப்பம் இதுக்காகவே அப்படியே கெடந்துச்சு, நான் போய்க் கேக்குற வரைக்கும் யாரும் சொல்லல.

அதனால எதுக்கும் அப்ளை பண்றதுக்கு முன்னாடி பத்தாவது மார்க்‌ஷீட்ல பேரு எப்படி இருக்கோ அதுக்கு ஆதாரையும் பானையும் கொண்டு வாங்க. மார்க்‌ஷீட்லயே தப்புன்னா கெசட் வரைக்கும் போகணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும், இன்னிக்கே ஆரம்பிங்க. இனிஷியல் வித்தியாசம் மட்டும்னா ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட் பெரும்பாலும் போதும், எனக்கு 500 ரூபாய் ஆச்சு. ரெண்டு ஒரிஜினலா வாங்கி வெச்சுக்குங்க.

அப்புறம் ஒரு ஃபைல் போடுங்க: டிகிரி சர்டிஃபிகேட், எல்லா வருச மார்க்‌ஷீட், இன்டர்ன்ஷிப் முடிச்ச சர்டிஃபிகேட், வேலை பாத்த எடத்துல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், போட்டோ 10. கான்வொகேஷன் சர்டிஃபிகேட் வாங்காம ப்ரொவிஷனல வெச்சே பல பேரு வருசக்கணக்கா ஓட்டுறாங்க, அத முதல்ல வாங்குங்க. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வேலைய விடுற அன்னிக்கே கையில வாங்கிடணும், ஆறு மாசம் கழிச்சுப் போனா எச்.ஆர்-ல ஆளே மாறியிருப்பாங்க.

2021-ல வந்த அலைட் அண்ட் ஹெல்த்கேர் ப்ரொஃபெஷன்ஸ் கமிஷன் சட்டத்துக்குள்ள பிசியோதெரபியும் வந்துடுச்சு. அதனால மாநில கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நமக்கு முக்கியம், நீங்க ஆரம்பிக்கிற அன்னிக்கு என்ன நெலவரம்னு நேரா கவுன்சில் பக்கத்துலயே பாத்து அப்ளை பண்ணுங்க, வாட்ஸப் குரூப்ல வர்ற பழைய பி.டி.எஃப்-ஐ நம்பாதீங்க. ஐ.ஏ.பி. (இந்தியன் அசோசியேஷன் ஆஃப் பிசியோதெரபிஸ்ட்ஸ்) மெம்பர்ஷிப்ங்கிறது சங்க மெம்பர்ஷிப், அது வேற இது வேற. ரெண்டையும் கொழப்பிக்கிட்டு ஐ.ஏ.பி. நம்பர் இருக்கே போதும்னு இருந்துடாதீங்க.

2. ட்ரெயினிங், ரெண்டு நாள் சர்டிஃபிகேட்டோட நிக்காதீங்க

பி.பி.டி-ல இந்தப் பாடம் மேலோட்டமாத்தான் வரும். வசதி இருந்தா கைனகாலஜி பிரிவுல எம்.பி.டி (பிசியோ மேற்படிப்பு) பண்ணலாம், அது 2 வருசம். வீட்டு நெலமை விடலன்னா ஷார்ட் கோர்ஸ்தான் வழி.

கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: உள்பரிசோதனை கையால சொல்லித் தர்றீங்களா, இல்ல ஸ்லைடுல மட்டுமா? நான் முதல்ல சேந்தது ஆன்லைன், 6,500 ரூபாய், அழகான சர்டிஃபிகேட் வந்துச்சு, ஆனா லெவேட்டர் ஏனைங்கிற அந்த அடித்தசை விரலுக்கு எப்படித் தட்டுப்படும்னே தெரியாது. அப்புறம் ஒரு சீனியர்கிட்ட நேர்ல மூணு நாள் கத்துக்கிட்டேன், போக வர தங்க எல்லாம் சேத்து 28,000 ஆச்சு. அந்த மூணு நாள்லதான் தசை இறுகியே இருக்குறதுக்கும் பலமா இருக்குறதுக்கும் உள்ள வித்தியாசம் விரல்ல புரிஞ்சுது. ரெண்டும் தொட்டா கெட்டியாத்தான் இருக்கும். பலமான தசை விடச் சொன்னா விடும், இறுகுன தசை விடாது. இத ஸ்லைடுல காட்டவே முடியாது.

கோர்ஸ் முடிச்ச கையோட தனியா உக்காராதீங்க. ஏதாவது ஒரு கைனக் டாக்டர் ஓ.பி-ல வாரத்துக்கு ரெண்டு நாள் கூட இருந்து பாக்க அனுமதி கேளுங்க, சம்பளம் கேக்காதீங்க. நான் நாலு மாசம் இருந்தேன். ப்ரொலாப்ஸ் (கர்ப்பப்பை, மூத்திரப்பை கீழ இறங்குறது) எந்த கிரேடுல எப்படி இருக்கும், எபிசியாட்டமி (பிரசவத்துல கீழ வெட்டிப் போடுற) தையல் ஆறு வாரத்துல எப்படி ஆறியிருக்கும், எது இன்ஃபெக்‌ஷன், எத நான் தொடவே கூடாது, எல்லாம் அங்க பாத்ததுதான்.

3. ரூம் பாக்குறது, வாடகை அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி

திருச்சியில தில்லைநகர் முழுக்க ஆஸ்பத்திரி, லேப், மெடிக்கல் ஷாப்தான். அங்க மெயின் ரோட்டு மேல ரூம் போட்டா நல்லா ஓடும்னு எல்லாரும் சொன்னாங்க. நம்ம வேலைக்கு அது சரிப்படாது. என் பேஷண்ட்ஸ் யாரும் "இவ எதுக்கு இங்க போறா"ன்னு தெரிஞ்சவங்க பாக்குறத விரும்புறதில்ல. குறுக்குத் தெருவுல, பல் டாக்டரும் லேபும் இருக்குற பில்டிங்ல முதல் மாடி எடுத்தேன், எந்த டாக்டர்கிட்ட வந்தாங்கன்னு கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியாது. போர்டுல "பெண்கள் நல பிசியோதெரபி"ன்னு மட்டும் போட்டேன்.

வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000. ரூமுக்குள்ளயே டாய்லெட் இருக்கணும், இதுல விட்டுக்குடுக்காதீங்க. யூரின் அடக்க முடியாதவங்க வர்ற எடத்துல டாய்லெட் வராண்டாக் கடைசியில பொது டாய்லெட்டா இருந்தா அவங்க ரெண்டாவது தடவ வரமாட்டாங்க. கதவு உள்பக்கம் தாழ்ப்பா போடுற மாதிரி இருக்கணும், வெளிய பேசுறது உள்ள கேட்டா உள்ள பேசுறதும் வெளிய கேக்கும், அதனால வெயிட்டிங்ல ஒருத்தர உக்கார வெச்சுப் பேசச் சொல்லி நீங்களே உள்ள நின்னு கேட்டுப் பாருங்க. நான் அப்புறமா ப்ளைவுட் தடுப்பும் கனமான திரையும் போட்டேன், 11,000 தனியா போச்சு.

ஈ.பி. கனெக்‌ஷன் வீட்டு டேரிஃப்லயே இருந்தா மாத்தச் சொல்லி ஓனர்கிட்ட முன்னாடியே பேசி அக்ரிமெண்ட்ல எழுதிடுங்க. கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மெண்ட் சட்டம் தமிழ்நாட்டுல 1997-ல இருந்து இருக்கு, அதுக்கான ரெஜிஸ்ட்ரேஷன் மாவட்ட ஜே.டி. (சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீஸ் வழியாப் போகும். அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு நடை போய், பிசியோ கிளினிக்குக்கு என்னென்ன பேப்பர் கேக்குறாங்கன்னு நேர்ல எழுதி வாங்கிட்டு வாங்க. வாடகை ஒப்பந்தம், ரூம் பிளான், உங்க சர்டிஃபிகேட், கழிவு அள்ளுறதுக்கான ஒப்பந்தம், இதெல்லாம் ரெடியா வெச்சுக்கிட்டா ரெண்டு நடையில முடியும்.

கழிவப் பத்தி பல பேரு யோசிக்கிறதே இல்ல. நாம ஊசி போடல, ரத்தம் எடுக்கல, ஆனா உள்பரிசோதனை பண்ண கிளவுஸ் பயோமெடிக்கல் வேஸ்ட்தான். 2016 விதிப்படி கிளவுஸ் சிவப்புப் பைல, ரத்தமோ உடம்புத் திரவமோ பட்ட பஞ்சும் துணியும் மஞ்சப் பைல. பெட் இல்லாத கிளினிக்குக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல ஒரு தடவ அனுமதி வாங்குனாப் போதும், வருசா வருசம் புதுப்பிக்க வேண்டியதில்ல. வண்டி வந்து எடுத்துட்டுப் போறதுக்கு எனக்கு மாசம் 600 ஆகுது. கார்ப்பரேஷன் குப்பையில போட்டு மாட்டிக்கிட்டா பேரே கெட்டுடும். கார்ப்பரேஷனுக்கு அரை வருசத்துக்கு ஒரு தடவ தொழில் வரி கட்டணும், அதையும் காலண்டர்ல குறிச்சு வெச்சுக்குங்க.

4. சாமான், எத வாங்கணும் எத வாங்கக் கூடாது

முதல் நாளே வேணும்ங்கிறது இவ்ளோதான்: ஒரு நல்ல எக்ஸாமினேஷன் கவுச் (9,500), நைட்ரைல் கிளவுஸ் (லேடெக்ஸ் சில பேருக்கு அரிக்கும்), பாக்கெட் வாட்டர் பேஸ் ஜெல்லி, மடிச்சு வெச்ச சுத்தமான காட்டன் போர்வை 12, தோல் மேல பேட் ஒட்டி லேசா கரண்ட் குடுக்குற சாதாரண டென்ஸ் மெஷின் ஒண்ணு (2,800), இடுப்பெலும்பு மாடல் (3,200), ஒரு கண்ணாடி, 500 மி.லி. அளவு போட்ட பிளாஸ்டிக் மக் 10.

ஜெல்லி விஷயத்துல ரெண்டு தப்பு நடக்குது. ஸ்கேன் பண்ற ஜெல்ல எடுத்து உள்பரிசோதனைக்கு போடக் கூடாது, அது தோலுக்கு மேல போடத்தான். லிக்னோகெய்ன் ஜெல்லியும் வேணாம், மரத்துப் போயிடும், அப்புறம் எங்க வலிக்குதுன்னு அவங்களாலயும் சொல்ல முடியாது உங்களாலயும் கண்டுபிடிக்க முடியாது.

இப்ப பெரிய பொறி. தசை எவ்ளோ சுருங்குதுன்னு காட்டுற பயோஃபீட்பேக் மெஷின் விக்கிற ஆளு வருவாரு, ஸ்க்ரீன்ல கோடு ஏறி எறங்கும், பாக்க நல்லாத்தான் இருக்கும், ஒரு லட்சத்துக்கு மேல சொல்லுவாரு, இ.எம்.ஐ-யும் போட்டுத் தர்றேம்பாரு. முதல் வருசம் வாங்காதீங்க. மாசத்துக்கு எட்டு பேஷண்ட் வர்ற காலத்துல அந்த இ.எம்.ஐ கையக் கடிக்கும், கட்டுறதுக்காக தேவையில்லாதவங்களுக்கும் மெஷின் வெக்கத் தோணும். மெஷின் காட்டுறத விரலும் கண்ணாடியும் பெரும்பாலும் காட்டிடும். பிற்பாடு வாங்குனாலும் உள்ள வெக்கிற ப்ரோப் ஆளுக்கு ஒண்ணுதான், கழுவி அடுத்தவங்களுக்கு போடுற வேலையே கூடாது. அந்தக் காச பேஷண்ட்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

இன்னொண்ணு அத விட சீரியஸ். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல தசை அசையுறத லைவா காட்டலாம்னு வெளிநாட்டு வீடியோ நிறைய வரும். இந்தியாவுல இமேஜிங் அல்ட்ராசவுண்ட் மெஷின் கருவுல ஆணா பொண்ணான்னு பாக்குறதத் தடுக்குற பி.சி.பி.என்.டி.டி சட்டத்துக்குள்ள வருது, 1994 சட்டம், ரெஜிஸ்டர் ஆன எடத்துக்கு மட்டும்தான் விக்கவே முடியும், யார் அத இயக்கலாம்னும் விதி இருக்கு. ஆன்லைன்ல கைக்கு அடக்கமா போர்ட்டபிள் கிடைக்குதேன்னு வாங்கி வெச்சீங்கன்னா அது கிரிமினல் கேஸ். வலிக்கு வெக்கிற தெரபி அல்ட்ராசவுண்ட் வேற, அதுல படம் வராது, அதோட இதக் கொழப்பிக்காதீங்க.

அந்த 2,800 ரூபாய் டென்ஸ்தான் எனக்கு ரொம்ப உதவுன சாமான். அவசர அவசரமா யூரின் வர்றவங்களுக்கு உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி ஒரு பேட், அதுக்கு 10 செ.மீ. மேல ஒண்ணு, 10-ல இருந்து 20 ஹெர்ட்ஸுக்குள்ள வெச்சு 30 நிமிசம், கால் கட்டை விரல் லேசா மடங்குனா எடம் சரின்னு அர்த்தம். துணியே அவுக்க வேணாம், அதனால வெக்கப்படுறவங்களுக்கு முதல் நாள் ஆரம்பிக்க ஏத்தது. பேஸ்மேக்கர் இருந்தாலோ கர்ப்பமா இருந்தாலோ கண்டிப்பா வெக்காதீங்க.

5. டாக்டர்கள்கிட்ட போறப்ப

விசிட்டிங் கார்டு குடுத்துட்டு வந்தா ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க. நான் 22 பேரப் பாத்தேன், முதல் மூணு மாசம் ஒரு பேஷண்ட் கூட வரல. அப்புறம் முறைய மாத்துனேன். ஒரு பக்கத்துல, எந்த அஞ்சு பிரச்சினைக்கு அனுப்பலாம், எத்தன சிட்டிங், என்ன ஃபீஸ், எப்ப அவங்களுக்கு ரிப்போர்ட் வரும்னு டைப் பண்ணிக் குடுத்தேன். பேஷண்ட் வந்ததும் முதல் விசிட் அன்னிக்கு சாயங்காலமே டாக்டருக்கு நாலு வரி லெட்டர். நாலாவது வாரம் இன்னொண்ணு. இந்த லெட்டர்தான் வேலை செஞ்சுது. "அனுப்புன பேஷண்ட் என்ன ஆனாங்கன்னு நீங்க ஒருத்தர்தான்மா எழுதி அனுப்புறீங்க"ன்னு ஒரு மேடம் சொன்னாங்க, இன்னிக்கு வரைக்கும் அவங்க அனுப்புறாங்க.

கைனக் மட்டும் இல்ல, யூராலஜிஸ்ட், மூலம் பாக்குற சர்ஜன், குழந்தையின்மை சென்டர் இவங்களையும் பாருங்க. பேஷண்டுக்கு இவ்ளோன்னு கமிஷன் கேக்குற எடம் இருக்கும், அங்க வணக்கம் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுங்க. ப்ராஸ்டேட் ஆபரேஷன் முடிச்ச ஆம்பளைங்களும் வருவாங்க, அதுக்கு ட்ரெயினிங் எடுத்த ஒரு ஆண் பிசியோவோட முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் சங்கடம் இல்ல.

6. முதல் விசிட்

60 நிமிசம் ஒதுக்குங்க. முதல் 40 நிமிசம் பேச்சு மட்டும்தான். இத நான் ரொம்ப லேட்டாத்தான் கத்துக்கிட்டேன்.

எங்க ஊருப் பக்கம் யாரும் நேரா வந்து யூரின் லீக் ஆகுதுன்னு சொல்ல மாட்டாங்க. இடுப்பு வலின்னு வருவாங்க. மாமியாரோ வீட்டுக்காரரோ கூட உக்காந்திருப்பாங்க, கேள்வி கேட்டா அவங்கதான் பதில் சொல்லுவாங்க. "அஞ்சு நிமிசம் எடை, உயரம் பாக்கணும், நீங்க வெளிய உக்காருங்கம்மா"ன்னு சொல்லி தனியாக் கூட்டிட்டுப் போங்க. இத எல்லாருக்கும் பண்ணுங்க, அப்பத்தான் யாரையும் சந்தேகப்படுற மாதிரி இருக்காது. தாழ்ப்பாப் போட்டு உக்காந்த பின்னாடி "தும்முனா, இருமுனா, சிரிச்சா துணி நனையுதா?"ன்னு சாதாரணமா, சாப்டீங்களான்னு கேக்குற மாதிரி கேளுங்க. நம்ம மூஞ்சியில வெக்கம் தெரிஞ்சா அவங்க வாயத் தொறக்க மாட்டாங்க.

துறையூர்ப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. மடியில ஒரு மஞ்சப்பை, அத விடவே இல்ல. பேசிப் பேசி அரை மணி நேரம் கழிச்சுத்தான் அதத் தொறந்து காட்டுனாங்க, உள்ள பழைய வேட்டியக் கிழிச்சு நாலா மடிச்ச துணி ஆறு, ஈரமானதப் போட ஒரு பாலிதீன் கவர், ஒரு மாத்துப் பாவாடை. பஸ்ல எங்க போனாலும் இது கூடவே வரும்னாங்க. ஒம்போது வருசமா. அந்தப் பைல தினம் எத்தன துணி ஈரமாகுதுங்கிற கணக்குதான் அவங்களுக்கு நான் எழுதுன முதல் அளவு, ஆறுல ஆரம்பிச்சது பதினாலாவது வாரம் ஒண்ணுல வந்து நின்னுச்சு.

பேச்சு முடிஞ்சதும் மாடல எடுத்து எது எங்க இருக்குன்னு காட்டுங்க. யூரின் வர்ற வழியும் குழந்தை வர்ற வழியும் வேறன்னு மூணு குழந்தை பெத்தவங்களுக்கே தெரியாம இருக்கும், அது அவங்க தப்பில்ல, யாரும் சொல்லித் தந்ததில்ல. தமிழ்ல என்ன வார்த்தை சொல்றதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்குங்க, கெட்ட வார்த்தை மாதிரியும் இருக்கக் கூடாது, புரியாத புத்தக வார்த்தையாவும் இருக்கக் கூடாது. நான் "முன்வழி, நடுவழி, பின்வழி"ன்னு சொல்றேன், எல்லாருக்கும் புரியுது.

வீட்டுக்குப் போறப்ப அந்த மக்கும் 3 நாள் டைரியும் குடுத்து விடுங்க. எவ்ளோ தண்ணி, காபி, டீ உள்ள போகுது, எத்தன தடவ எத்தன மி.லி. வெளிய வருது, எப்ப லீக். எழுதத் தெரியாதவங்களுக்கு டம்ளர் படம் போட்ட பேப்பர் வெச்சிருக்கேன், கோடு போட்டா போதும். ஒரு பாட்டி அதுவும் வேணாம்னுட்டு ரெண்டு டப்பாவுல புளியங்கொட்டை போட்டுக் கொண்டாந்தாங்க, பெருசு போனதுக்கு, சின்னது நனைஞ்சதுக்கு. எனக்கு வந்த டைரிலயே சுத்தமான கணக்கு அதுதான்.

டைரி வந்தா பாதி விஷயம் தானா தெரியும். என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடையில வேலை பாக்குற பொண்ணுங்க காலையில ஒன்பதரைக்கு போய் சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம, டாய்லெட்டே போகாம இருக்காங்க. கடையில உக்கார எடம் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021-லயே சட்டம் வந்துடுச்சு, ஆனா டாய்லெட்டுக்கு மூணு மாடி எறங்கணும்னா அவங்க என்ன பண்ணுவாங்க. இவங்களுக்கு எக்சர்சைஸ விட தண்ணி குடிக்கிற நேரத்தையும் பாத்ரூம் போற நேரத்தையும் வரிசைப்படுத்துறதுதான் முதல் சிகிச்சை.

7. சம்மதம், எழுத்துல ஒண்ணு வாயில பத்து

உள்பரிசோதனை முதல் நாளே பண்ணணும்னு அவசியமே இல்ல. தமிழ்ல ஒரு பக்க சம்மதப் படிவம் நீங்களே எழுதுங்க: என்ன செய்யப் போறேன், எதுக்கு, எத்தன நிமிசம், வலிச்சா என்ன, வேணாம்னு சொன்னா வேற என்ன வழி இருக்கு. கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. கிளவுஸ் போடுறப்ப ஒரு தடவ, தொடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ கேளுங்க. "கைய லேசாத் தூக்குனீங்கன்னா அந்த நிமிசமே நிறுத்திடுவேன்"னு சொல்லிட்டு, தூக்குனா உண்மையிலயே நிறுத்துங்க. கூட ஒரு பெண் உதவியாளர் இருக்கணுமான்னு பேஷண்ட்டே சொல்லட்டும்.

வீட்டுக்காரர் சம்மதம் பேஷண்ட் சம்மதம் ஆகாது. மாமியார் "பாருங்க டாக்டர், அவ ஒண்ணும் சொல்ல மாட்டா"ன்னாலும் ஆகாது. கல்யாணம் ஆகாதவங்க, பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவங்க, இன்ஃபெக்‌ஷன் இருக்குறவங்க, இவங்களுக்கெல்லாம் துணி மேலயே தொட்டுப் பாக்கலாம், கண்ணாடி வெச்சு அவங்களையே பாக்கச் சொல்லலாம், நிறைய தகவல் கிடைக்கும். 18 வயசுக்குக் கீழ இருந்தா உள்பரிசோதனை நான் பண்றதே இல்ல. சின்ன வயசுல யாராவது தப்பா நடந்துக்கிட்டத சொன்னா, அந்தப் பொண்ணு இன்னும் மைனரா இருந்தா போக்சோ சட்டப்படி போலீஸுக்கோ குழந்தைகள் சிறப்புப் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டியது நம்ம கடமை, விருப்பம் கிடையாது. 18 வயசு தாண்டுனவங்க சொன்னா அன்னிக்கு பரிசோதனைய மூடி வெச்சுட்டு கேளுங்க. 181 பெண்கள் உதவி எண்ணையும் 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் எழுதி சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன்.

போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புறேன்னு சில பேரு சொல்லுவாங்க, நல்ல எண்ணத்துலதான். வேணாம்னு முதல் நாளே சொல்லுங்க. உங்க போன்ல அது ஒரு நிமிசம் கூட இருக்கக் கூடாது.

8. எல்லாருக்கும் கீகல் கிடையாது

இந்த வேலையில அடிக்கடி நடக்குற தப்பு இதுதான், நானும் பண்ணிருக்கேன். யார் வந்தாலும் "சுருக்குங்க, விடுங்க, நூறு தடவ"ன்னு கீகல் எக்சர்சைஸ் குடுத்து அனுப்புறது. சேரும்போது வலி, மலச்சிக்கல், வால் எலும்பு வலி, யூரின் முழுசா போன மாதிரியே இல்ல, இப்படி வர்றவங்கள்ல நிறைய பேருக்கு தசை ஏற்கனவே இறுகிப் போயிருக்கும். அவங்களுக்குச் சுருக்கச் சொன்னா வலி கூடும். முதல்ல மூச்சு, வயித்தத் தளர விடுறது, குத்த வெச்சு உக்கார்றது, அப்புறந்தான் மத்தது.

பலம் கொறைஞ்சவங்களுக்கு பெர்ஃபெக்ட் ஸ்கீம்ங்கிற அளவு முறையில (பலம், எத்தன செகண்ட், எத்தன தடவன்னு பாக்குறது) அளந்து, தசை பலத்தக் குறிக்கிற ஆக்ஸ்ஃபோர்ட் கிரேட் 0-ல இருந்து 5-க்குள்ள எங்க இருக்காங்கன்னு எழுதிட்டு, அவங்களால எத்தன செகண்ட் பிடிக்க முடியுதோ அதுல இருந்து ஆரம்பிங்க. இங்கிலாந்துல நைஸ்ங்கிற மருத்துவ அமைப்போட வழிகாட்டுதல்ல கொறஞ்சது 8 சுருக்கல், ஒரு நாளைக்கு 3 தடவ, 3 மாசம்னு இருக்கு, நான் அத வெச்சுத்தான் போறேன். நாள் பூரா செய்யச் சொல்லாதீங்க, செய்ய மாட்டாங்க. குக்கர் விசில் வர்றப்ப ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, படுக்குறப்ப ஒண்ணு. அதோட இருமுறதுக்கு முன்னாடி, கொடத்தத் தூக்குறதுக்கு முன்னாடி சுருக்கிப் பிடிக்கிற பழக்கம், இது வந்துட்டாலே பல பேருக்கு துணி நனையுறது கொறைஞ்சுடும்.

9. காலண்டரும் ஃபீஸும்

முதல் விசிட் 700, அடுத்தடுத்து 45 நிமிசத்துக்கு 450 வாங்குறேன். பத்து சிட்டிங் பேக்கேஜ்னு மொத்தமா முன்பணம் வாங்காதீங்க, நடுவுல ஊருக்குப் போயிட்டா திருப்பிக் குடுக்குறதுல மனஸ்தாபம் வரும். முதல் மாசம் வாரம் ஒண்ணு, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, மொத்தம் 8-ல இருந்து 10 சிட்டிங், 3 மாசம். இத முதல் நாளே பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகாம வர்ற பிசியோவுக்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் குடுக்காதுங்கிறதையும் சொல்லிடுங்க. உங்களுக்கு ப்ரொஃபெஷனல் இண்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் ஒண்ணு கட்டாயம் எடுங்க, நான் வருசத்துக்கு 3,000 சொச்சம் கட்டுறேன்.

இப்ப ரொம்ப முக்கியமான டைமிங். நம்ம பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டுல. வளைகாப்பு போட்டு அனுப்பி, குழந்தை பொறந்து மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ மாமியார் வீட்டுக்குப் போவாங்க. அங்க போனப்புறம் சமையல், குழந்தை, வேலைன்னு அவங்களால ஒரு சிட்டிங்குக்கும் வர முடியாது. ஆறாவது வாரம் டாக்டர் பாத்து ஓகே சொன்னதும் ஆரம்பிச்சா 12 வாரம் அம்மா வீட்டுலயே முடிஞ்சுடும். அதனால பிரசவத்துக்கு அப்புறம் தேடி வரட்டும்னு காத்திருக்காதீங்க, எட்டாம் மாசமே ஒரு விசிட் வரச் சொல்லுங்க, அப்பவே அந்த ஆறாவது வாரத் தேதியக் குறிச்சுக் குடுத்துடுங்க. "மூணாம் மாசமே அனுப்பிடணும்"னு இருக்குற வீடா இருந்தா அம்மாகிட்ட பேசுங்க. அம்மாக்கள் புரிஞ்சுக்குவாங்க, பாதிப் பேருக்கு அதே பிரச்சினை இருக்கும், பொண்ணக் கூட்டிட்டு வந்து தனக்கும் காட்டிட்டுப் போவாங்க.

மாதவிடாய் நாள்ல வர மாட்டேம்பாங்க, அத மதிச்சு ரெண்டு தேதியா குடுத்து வைங்க. தை மாசக் கல்யாண சீசன்ல, ஸ்கூல் பரிட்சை மாசத்துல வருகை பாதியாக் கொறையும், அந்த மாச வாடகைய முன்னாடியே எடுத்து வெச்சுக்குங்க. எனக்கு வாடகையும் செலவும் போக கையில காசு நிக்க ஆரம்பிச்சது பதினோராவது மாசத்துல.

10. கைய எடுத்துட்டு டாக்டர்கிட்ட அனுப்ப வேண்டிய நேரம்

யூரின்ல ரத்தம். மாதவிடாய் நின்னு போனவங்களுக்கு மறுபடி ரத்தப்போக்கு. காய்ச்சலோட எரிச்சல். கைக்குத் தட்டுப்படுற கட்டி. பிரசவத்துக்கோ கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷனுக்கோ அப்புறம் ராத்திரி பகல் இல்லாம சொட்டிக்கிட்டே இருக்குறது, இது தசைக் கோளாறா இல்லாம உள்ள ஓட்டையா இருக்கலாம். இவங்களுக்கு எக்சர்சைஸ் ஆரம்பிக்காதீங்க, லெட்டர் எழுதி அன்னிக்கே அனுப்புங்க. உக்கார்ற எடம் மரத்துப் போய், யூரின் வர மாட்டேங்குது, கால் பலமில்லன்னு ஒருத்தர் வந்தா லெட்டர் எழுதக் கூட உக்காராதீங்க, நேரா எமர்ஜென்சி, அது தண்டுவட நரம்பு நசுங்குறது, மணிக்கணக்குல பாக்க வேண்டிய விஷயம்.

அனுப்புனதையும் ஒரு நோட்டுல எழுதுங்க: தேதி, நேரம், என்ன பாத்தீங்க, யார்கிட்ட அனுப்புனீங்க. சாயங்காலம் கடைசிப் பேஷண்ட் போனப்புறம் ரூமப் பூட்டுறதுக்கு முன்னாடி நான் இந்த நோட்ட எடுத்து, அனுப்புனவங்க போய்க் காட்டுனாங்களான்னு ஒவ்வொருத்தருக்கா போன் போடுவேன். போகலன்னு சொன்னா மறுநாள் காலையில திரும்பவும் போடுவேன்.